பெரியப்பாவின் உப்பும் எனக்குத் தெரியாத மொழியும்

பெரியப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய காகிதம் நனைந்து, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. 'உங்கள் ஆர்டர் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதை எழுதியவள் நான்.

அது 2005. பொம்மையார்பாளையத்தில் இரண்டே பேர் வேலை பார்த்த வெப்சைட் ஆபீஸ். பிரௌசரில் தெரிகிற பக்கங்கள் என் பொறுப்பு. பின்னால் சர்வரில் ஓடுவதையெல்லாம் கூட வேலை பார்த்த அக்கா பார்த்துக்கொள்வார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஜனவரியில் பெங்களூர் போகவிருந்தார். "சர்வர்ல எழுதுற பிஎச்பி மொழிய கத்துக்கோ, என் சீட்டு உனக்கு. இல்லன்னா ரெண்டும் தெரிஞ்ச ஆளா எடுப்பாங்க, நீ மூட்டைய கட்ட வேண்டியதுதான்" என்று தினமும் சொல்வார். எனக்கோ ஒன்றும் ஓடவில்லை. பிரௌசருக்கு எழுதுகிற ஜாவாஸ்கிரிப்டே இன்னும் ஒழுங்காக வரவில்லை, அதற்குள் இன்னொன்றைத் தொட்டு ரெண்டுங்கெட்டானாகிவிடுவேனோ என்று பயம். புத்தகத்தை வாங்கிவந்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த பெரியப்பாவுக்கும் ஒரு வெப்சைட் செய்துகொடுத்திருந்தேன். மழைக்கு முன்னால் உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூடினால் தை வரைக்கும் யாருக்காகவும் பிரிக்கமாட்டார். அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர் பொத்தான் மறைந்துவிடும்படி எழுதினேன். என்ன மாதம் என்பதைப் பார்ப்பவரின் கம்ப்யூட்டரிடமே கேட்டேன். எனக்குத் தெரிந்த மொழியில் அப்படித்தான் முடியும். திண்டிவனத்து பிரௌசிங் சென்டர் ஒன்றில் தேதியை நினைவில் வைக்கும் சின்ன பேட்டரி செத்துப்போன கம்ப்யூட்டர், எப்போது போட்டாலும் ஜனவரி என்றே காட்டுமாம். ஒரு கருவாட்டு வியாபாரி அதில் உட்கார்ந்து ஆர்டர் போட்டு, அந்தக் காகிதத்தோடு நவம்பரில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தன் பேரில் போன வாக்காயிற்றே என்று பெரியப்பா கீற்றைப் பிரித்தார். பாதி லாரி ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பிரித்த பக்கம் பூராவும் கரைந்து வாய்க்காலில் போனது.

"தப்பு என்னுதுதான் பெரியப்பா. சர்வர்ல எழுதத் தெரிஞ்சிருந்தா இப்படி ஆயிருக்காது."

"அது எங்கம்மா இருக்குது?"

"அமெரிக்காவுல."

"அங்க இருக்கிறதுக்கு இங்க மழைன்னு தெரியுமா? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் அக்காவிடம் சொன்னபோது, "அவரு சொல்றதும் சரி, நீ கத்துக்க வேண்டியதும் சரி" என்று இன்னும் குழப்பிவிட்டார். டிசம்பர் முழுக்க வெறிபிடித்தவள்போலப் படித்தேன். அக்காவின் சீட்டும் கிடைத்தது. பிஎச்பியில் முதன்முதலாக எழுதியது பெரியப்பாவுக்காகத்தான்: ஆர்டர் வந்தால் அப்படியே நிற்கும், அவரிடம் நான் போனில் கேட்ட பிறகே பதில் போகும். யோசித்துப்பார்த்தால், அதில் பாதி வேலையைச் செய்வது போன்தான்.

தை பிறந்ததும் பெருமையாகச் சொல்லப் போனேன். பெரியப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா படிச்சிருக்கம்மா. அந்த கம்ப்யூட்டர்லேர்ந்து என் பேரை மட்டும் எடுத்துடு."

இப்போது புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், இன்னொரு மொழி கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் எதற்கு என்றும் தோன்றிவிடுகிறது. அன்று ஆபீசுக்குத் திரும்பிவந்து பெரியப்பாவின் பக்கத்தை அழித்தேன். அதற்கு எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியிருக்கவில்லை.