ராஜா சீசனுக்கு எங்கே போவார்?

குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் கண்ணை விரித்து, "கொடுத்து வச்சவங்க" என்பார்கள். அதை மறுத்துப் பேச இப்போதெல்லாம் எனக்குத் தெம்பு இல்லை. தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடுகிறேன். அருவியும் சாரலும் வந்து போகிறவர்களுக்கு. எங்களுக்கு ஆனி பிறந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

காலி பண்ணி வெகுதூரம் ஒன்றும் போவதில்லை. கிணற்றடியைத் தாண்டி, வாழை மூட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு. விறகும் தேங்காய் மட்டையும் போட்டுவைப்பதற்காக மதிலை ஒட்டி ஓடு சரித்த இடம். சீசன் முடிகிறவரைக்கும் எங்களுக்கு அதுதான் அடுக்களை, அதுதான் படுக்கை. முன்னால் இருந்த கூடமும் இரண்டு அறைகளும் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு. ஊரில் பாதிப்பேர் பிழைப்பு அப்படித்தான். அப்பா தென்காசியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அந்தச் சம்பளத்தோடு சீசன் வாடகையும் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா பாயைச் சுருட்டுவாள், நான் பானைகளைத் தூக்குவேன், அப்பா புதிதாக வெள்ளையடித்த கூடத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

நாங்கள் விளையாடிய மரக்கட்டைகளும் சீசன்காரர்கள் விட்டுப்போனவைதான். அவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போகும் சோப்புப்பெட்டி, ஒற்றைச் செருப்பு, குடை எல்லாவற்றையும் அம்மா துணியில் கட்டி, அடுத்த சீசன்வரை பரணில் போட்டுவைப்பாள். அப்படித்தான் ஒரு மெட்ராஸ் பையனின் பெட்டியும் பரணேறியது. மறுவருசம் வந்தபோது அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க பிள்ளைங்களே வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று செங்கல் வடிவத்தில் சின்னச் சின்னக் கட்டைகள். வாசலுக்கு வளைவு, கூரைக்கு முக்கோணம், முன்னால் நிறுத்தத் தூண் எல்லாம் உண்டு. சாரல் காலத்தில் கட்டைகள் ஊறிப் பருத்துப் பெட்டிக்குள் அடங்காது. நாங்களும் அவற்றைப் பெட்டியில் போட விட்டதில்லை. மழையில் வேறு எங்கே போக?

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. கட்டுவது அவன் பாடு, கதை சொல்லுவது என் பாடு. பாடு என்று தெரிந்துதான் சொல்கிறேன். அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டே, "ஏட்டி, அவன் அழாமப் பாத்துக்கோ" என்பாள். அவன் ஒரு வீடு கட்டி முடித்ததும், அதில் இருப்பவர்களுக்கு நான் ஒரு கதை சொல்ல வேண்டும். கதை முடிந்ததும் இடித்துவிட்டு அடுத்த வீடு. எனக்குத் தொண்டை காய்ந்துவிடும். அந்த வயதிலேயே எனக்கு அலுப்பு வந்துவிட்டது என்றால் யாரும் நம்புவதில்லை.

ஒருநாள் ராஜா கதை சொன்னேன். ஏழு அடுக்கு அரண்மனை, தங்கக் கட்டில், பட்டு மெத்தை என்று அளந்துகொண்டே போனேன். அவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"ஏக்கா, சீசனுக்கு ராஜா எங்கன போவாரு?"

எனக்கு விளங்கவில்லை. "அவரு ஏன்லே போகணும்? அவரு அரண்மனைல்லா அது."

"அதான். அரண்மனைய ஆளுகளுக்கு விட்டுட்டு ராஜா எங்கன படுப்பாரு?"

எந்த வீடானாலும் சாரல் விழுந்தால் சொந்தக்காரன் பின்னால் போய்விட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் கட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால், மிச்சம் விழுந்த கட்டைகளில் ஒரு குட்டிச் சாய்ப்பு இருக்கும். பெரிய வீட்டுக்குள் குன்றிமணிகளை அடுக்குவான், அவை சீசன்காரர்கள். சாய்ப்புக்குள் நாலு புளியங்கொட்டை, அவை நாங்கள். இதை நான் அம்மாவிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருசம் அம்மா நிறைசூலி. ஆடியில் பேறுகாலம். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். வைகாசியில் பிறந்து, ஆடிச் சாரலில் அந்தச் சாய்ப்பில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். தம்பி தை மாதத்தில், உள்ளே கூடத்தை அடுத்த அறையில் பிறந்தவன். அதனால் பிழைத்தான் என்று அம்மா உறுதியாக நம்பினாள். இப்போது மறுபடியும் ஆடி. தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால், தலைப்பிள்ளைக்கு அழைத்துப் போனதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டது.

மருத்துவச்சி வந்து பார்த்தாள். ஓட்டுச் சந்தில் ஒழுகுகிற தண்ணீருக்குக் கீழே சட்டி வைத்திருந்ததைக் காலால் நகர்த்தினாள்.

"ஏளா, போன பிள்ளையத்தான் இதுக்குள்ள போட்டுக் கொன்னிய. இதையும் இங்கனயா பெறப்போற?"

அம்மா அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஓர் அறை கேட்டாள். ஒன்றே ஒன்று, பின்பக்கத்து அறை.

"வாடகைக்கு வாங்கினவுகள்ட்ட போயி, ஒரு ரூம மட்டும் திருப்பித் தாங்கன்னு எப்படிளா கேக்க? வருசா வருசம் வாரவுக. எனக்கு வாய் வரமாட்டேங்கு."

அம்மா ஓலைக்கீற்று வாங்கிவரச் சொல்லி, ஒழுகுகிற இடத்தில் செருகினாள். எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதைவிட, பயம். கதை சொல்லும்போதுகூட அந்தத் தண்ணீர்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்வீட்டில் இருந்தவர்கள் ஒரு மதுரைக் குடும்பம். தங்கச்சி இறந்த வருசத்திலும் அவர்கள்தான் இருந்தார்கள். நல்ல மனிதர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கித் தருவார்கள், அப்பாவிடம் மரியாதையாகப் பேசுவார்கள். கிணற்றடியைத் தாண்டி மட்டும் வந்ததில்லை.

ஒரு மத்தியானம் அவர்கள் அருவிக்குப் போயிருந்த நேரத்தில், சாய்ப்பெல்லாம் ஈரமாக இருக்கிறதே என்று நானும் தம்பியும் முன் வராந்தாவில் கட்டைகளைப் பரப்பினோம். அவர்கள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் அள்ளப் போனேன். "இருக்கட்டும்மா, விளையாடுங்க" என்று அந்த வீட்டுப் பெரியம்மா படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். பிறகு தம்பியிடம், "யாரு வீடுப்பா இது?" என்று கேட்டார்.

"இது நீங்க" என்று குன்றிமணியைக் காட்டினான். "இது நாங்க. இது அம்மா. இதுக்குள்ளதான் பாப்பா பொறக்கும். தண்ணி ஒழுகும்."

அப்பா காதில் விழுந்தால் தோலை உரித்துவிடுவார் என்று, அவசரமாக அம்மாப் புளியங்கொட்டையை எடுத்துப் பெரிய வீட்டுக்குள் வைத்தேன். அவ்வளவுதான், தம்பி அலறினான்.

"ஏக்கா, அங்க வைக்காத. அங்க ஆளு இருக்கு."

நான் எடுக்கவில்லை. அவன் வீட்டையே தட்டிவிட்டான். கட்டைகள் வராந்தா முழுக்க உருண்டன. பெரியம்மா துவட்டுவதை நிறுத்திவிட்டு, ஈரத் தலையோடு எழுந்து, கிணற்றடியைத் தாண்டிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் குனிந்திருந்தாள். பெரியம்மா ஓட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சுவரோரம் சுருட்டியிருந்த பாயைப் பார்த்தார்.

அப்பா தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் பெரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பின்னாடி எங்களுக்கு வீடு இருக்குன்னு சொன்னீங்களே, அதுவா வீடு? விறகுக் கொட்டாய்ல புள்ளத்தாச்சியப் போட்டுட்டு நாங்க மெத்தையில படுத்திருக்கோம். ஒரு வார்த்தை சொன்னா ஒரு ரூம ஒழிச்சுத் தரமாட்டோமா? அந்தப் பச்சப்புள்ள செத்த வருசமும் இங்கதானே இருந்தோம். அப்பச் சொல்லிருந்தாலும் தந்திருப்போமே."

அப்பா கும்பிட்டார். தன் வீட்டு வாசலில் நின்று, தன் வீட்டு அறைக்காக ஒருவரைக் கும்பிட்டார். "பெரிய மனசு உங்களுக்கு" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே அம்மா அந்த அறைக்குப் போனாள். ஆடி பாதியில் இன்னொரு தங்கச்சி பிறந்தாள். மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டேயிருந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பிள்ளைக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அப்பா பேறுகால மருந்துச் சரக்குப் பொட்டலத்தோடு வந்து, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

"எவ்வளவு நல்லவுக பாத்தியா. கேக்காமலே குடுத்துட்டாவ."

அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பமே நீங்க கேட்டிருந்தா, அவளும் இருந்திருப்பா."

அப்பா பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த ஆனியில் அப்பா கூடத்துக்கு வெள்ளையடித்தார், வழக்கம்போல. சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னார். அம்மா பானைகளைச் சாய்ப்புக்குக் கொண்டு போகவில்லை. பின்னறையில் கொண்டு வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.