குணேஸ்வரிக்குப் பிளேன் ஒத்துவராது

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் குணேஸ்வரியைத் தெரிந்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், முதலில் இதைத்தான் சொல்வார்கள்: "அவவுக்குப் பிளேன் ஒத்துவராது." தங்கையின் கலியாணம் பாரிஸில் நடந்தது, குணேஸ்வரி போகவில்லை. தங்கைக்குப் பிள்ளை பிறந்தது, போகவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு வைத்தபோது விமான நிலையம் வரைக்கும் போனாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று "எனக்கு ஏலாது" என்றாள். அவ்வளவுதான், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவர் விமலநாதன் தனியே போய், அங்கே நூறு பேர் கேட்ட ஒரே கேள்விக்கு நூறு தரம் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காது அடைக்குமாம், தலை சுற்றுமாம் என்று ஆளுக்கொரு வியாதியைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி இஞ்சி சப்பச் சொன்னாள். இன்னொருத்தி தேசிக்காயை மணக்கச் சொன்னாள். குணேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விமானம் தன்னை ஒன்றுமே செய்ததில்லை என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவள் பயந்தது விமானத்துக்கு அல்ல, இறங்கிய பிறகு வரும் மேசைக்கு. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் இருந்து, கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கேள்வி கேட்கும் அந்த மேசைக்கு.

தொண்ணூற்றொன்பதில், இருபத்தேழு வயதில், இலங்கைச் சண்டைக்குத் தப்பி, வேறொருத்தியின் கடவுச்சீட்டோடு அப்படி ஒரு மேசைக்கு முன்னால் நின்றவள் அவள். ஆட்களைக் களவாக வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் பதினொரு நாள் வைத்து, அந்தப் புத்தகத்தில் இருந்த பெயரையும் பிறந்த திகதியையும் பாடமாக்க வைத்தான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும் என்றான். எழுப்பிக் கேட்கவும் செய்தான், படுபாவி. ஆனால் வழியில் எங்கேயும் அவளை வாய் திறக்க விடாமல் தானே கதைத்துச் சமாளித்தான். மொன்றியலில் தனியே மேசைக்கு வந்தபோதோ, பாடமாக்கிய ஒன்றுமே அவள் வாயில் வரவில்லை. அழுதாள். தன் சொந்தப் பெயரைச் சொல்லி, அகதி என்றாள். நாலு மணித்தியாலம் ஒரு நீலக் கதிரையில் இருத்தி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நல்லதுதான். வழக்கு வென்றது, விமலநாதன் வந்தார், மகள் பிறந்தாள், குடியுரிமையும் கடவுச்சீட்டும் கிடைத்தன. ஆனாலும் அந்த நாலு மணித்தியாலம் அவளுக்குள் முடியவே இல்லை.

இப்போது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. பதினேழு வருடமாக ஓர் உயர்நிலைப் பள்ளியில் துப்புரவு வேலை. பிள்ளைகள் அவளை 'மதாம் குணா' என்பார்கள். பெண் பிள்ளைகளின் றக்பி அணி விளையாடி முடித்ததும், சேறு அப்பிய சட்டைகள் மூட்டையாக அவளிடம் வந்து சேரும். நிலவறையில் பெரிய சலவை மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் அமர்ந்துவிட்டால், அடுத்த அரை மணித்தியாலத்துக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் கேட்காது.

வேலை நேரம் அப்படி; ஒரு ஆட்டத்தைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் சட்டைகளைத்தான். மூன்றாம் நம்பர் சட்டையில் தோள் இரண்டிலும் சேறு: முட்டி மோதுகிறவள். பதினாலாம் நம்பரில் ஒரு பொட்டுச் சேறும் இல்லை: கள்ளி, ஒருத்தர் கையிலும் அகப்படமாட்டாள். எட்டாம் நம்பர் ஹம்சினி, இல்-பிசார் பகுதியிலிருந்து வருகிறவள், சென்னைக்கார டொக்டரின் மகள். அவளுடைய சட்டையைத் துவைக்க இரண்டு தரம் பவுடர் போடவேண்டும். நீலச் சட்டைகள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துச் சுற்றச் சுற்ற, குணேஸ்வரியின் கண் அரைவாசி மூடும். கண்ணாடிக்குள் ஒரு பச்சை மைதானம் விரியும். சட்டைகளுக்குள் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மைதானத்தின் ஓரத்தில், கையில் ஒரு கூடை காய்ந்த துணியோடு, அவளும் நடந்து போவாள். யாரும் அவளை மறித்து ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அந்த வருடம் அணி அயர்லாந்துக்குப் போவதாக இருந்தது. ஏப்ரலில் பத்து நாள், நாலு ஆட்டம். அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டியிருந்தார்கள்: மேடும் பள்ளமுமாகப் புல், அதற்கப்பால் கடல், நடுவே நாலைந்து செம்மறி ஆடுகள். குணேஸ்வரி தும்புக்கட்டையை ஊன்றிக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பாள். பிறகு, 'போகாத ஊருக்கு எதுக்கடி வழி பார்க்கிறாய்' என்று தன்னையே ஏசிவிட்டுக் கூட்டத் தொடங்குவாள்.

மார்ச் மாதக் கடைசியில், கூடப் போகவிருந்த கணக்கு ஆசிரியை பள்ளி வாசல் ஐஸில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பெண்களின் அணி வெளிநாடு போனால் பெரியவர்களில் இரண்டு பெண்கள் இருக்கவேண்டும், அவர்கள் பொலிஸ் சோதனை முடித்த பள்ளி ஊழியர்களாக இருக்கவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. ஒருத்தி உதவிப் பயிற்சியாளர். இன்னொருத்திக்கு எங்கே போவது? ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லா ஆசிரியைகளும் வேறு திட்டம் போட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் றெனோல்ட், பாவம், மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் நிலவறைக்கு வந்து சேர்ந்தார்.

"மதாம் குணா, உங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இருக்கிறது. ஆனால் எனக்குப் பிளேன் ஒத்துவராது."

மனுஷன் வற்புறுத்தவில்லை. "விளங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் பயணத்தை நிறுத்தவேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கண்ணாடிக்குள் மைதானம் வரவில்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது கண் அயர்ந்துவிட்டாள். கனவில் அந்த மேசை. மேசைக்காரன் பெயரைக் கேட்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள், சவர்க்கார நுரை வருகிறது. நுரை பெருகி மேசையை மூடுகிறது, மேசைக்காரனின் தொப்பியை மூடுகிறது. நுரைக்குள் நின்று பிள்ளைகள் பந்தெறிந்து சிரிக்கிறார்கள். அவள் மட்டும் சிரிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். விழித்துப் பார்த்தால் இறங்கவேண்டிய அக்காடி நிலையம் தாண்டி இரண்டு நிலையம் போயிருந்தது.

வியாழக்கிழமை ஹம்சினி நிலவறைக்கு வந்தாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற தோள். முகம் மட்டும் குழந்தை.

"ஆன்ட்டி, நீங்க வரலைன்னா டூர் கேன்சலாம். நிஜமாவா?"

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷமா காலங்காத்தால பனியில ஓடிட்டிருக்கோம் ஆன்ட்டி. அடுத்த வருஷம் நாங்க யாருமே இந்த ஸ்கூல்ல இருக்க மாட்டோம்." அவள் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பிளேன்ல பயமா? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வாந்தி வந்தா வரட்டும். நானே ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் வாந்தி எடுப்பேன்."

"நீயோ? எட்டாம் நம்பரோ?"

"ஆமா. பயத்துல. எடுத்துட்டு, வாயைக் கழுவிட்டு, போய் இடிப்பேன்."

குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக் கடவுளே, இந்த மலை மாதிரிப் பிள்ளைக்கும் பயமா! பயம் போன பிறகுதான் போகவேண்டும் என்று இருபத்தாறு வருடம் காத்துக்கொண்டிருந்தோமே, பயத்தையும் கூட்டிக்கொண்டே போகலாமோ? அவள் ஹம்சினியின் கையில் காய்ந்த சட்டைகளைத் திணித்து அனுப்பினாள்.

வீட்டில் விமலநாதன் புட்டுக்குச் சம்பல் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நான் போறன்" என்றாள்.

"எங்கை, கடைக்கோ?"

"அயர்லாந்துக்கு."

குழைத்த கை நின்றது. "உனக்கு விசரோ? பிளேன் ஒத்துவராதெண்டு பாரிஸ் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறன். இனி என்ரை மூஞ்சையை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். ஊரில் அவருக்கு மட்டும்தான் உண்மை தெரியும். "அந்த மேசை?"

"மேசை இருக்கும்தான்."

"அங்கை வைச்சு ஏலாமல் போனால் என்ன செய்வாய்? பிள்ளையளும் நிக்குமே?"

"அதுதானப்பா எனக்கும் பயம்" என்று சொல்லி அவள் அழுதாள். அழுதுகொண்டே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

அந்த அணி நாலு ஆட்டத்தில் மூன்றைத் தோற்று வந்தது. அதைக் கேட்க ஆசையிருந்தால் றெனோல்டிடம் கேளுங்கள், மழையைக் குறை சொல்வார். நான் சொல்ல வந்தது டப்ளினில் இறங்கிய காலையை.

விமானத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலோரம் இருந்தாள். துணைக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்ற ஹம்சினி, ஏறிய உடனே அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாள். விடிந்தபோது கீழே முகில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இறங்கி நடந்தால் முழங்கால் வரைக்கும் புதையும் போல இருந்தது. முகிலுக்கு மேலே ஒரு நாடும் இல்லை, ஒரு மேசையும் இல்லை. இப்படியே பறந்துகொண்டிருந்தால் என்ன என்று நினைத்தாள். அப்போதுதான் முகில் கிழிந்து, படத்தில் பார்த்த அதே பச்சை தெரிந்தது. அவள் கழுத்தில் மாட்டியிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் அவளுடைய கடவுச்சீட்டோடு பிள்ளைகளின் பதினொரு கடவுச்சீட்டு, ஒரு பெயர்ப் பட்டியல், பள்ளியின் கடிதம். மற்றப் பதினொரு பிள்ளைகள் றெனோல்டினதும் உதவிப் பயிற்சியாளரினதும் பொறுப்பு.

இரண்டு வரிசையாகப் பிரித்து விட்டார்கள். றெனோல்ட் தூரத்து மேசைக்குப் போனார். குணேஸ்வரியின் வரிசையில் அவளே முதல் ஆள். பின்னால் ஹம்சினி, அவளுக்குப் பின்னால் நீல உடுப்பில் பத்துப் பேர், நித்திரைக் கண்ணோடு. கண்ணாடிக்குப் பின்னால் செந்தாடி வைத்த ஒருவர். கடவுச்சீட்டை வாங்கினார். புத்தம் புதிது போல, ஒரு முத்திரைகூட இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்வது போல, சும்மா, ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் பெயர்?"

"மேரி கிறிஸ்டீன் பெர்னாண்டோ" என்றாள் குணேஸ்வரி. "நீர்கொழும்பு. பதினேழாம் திகதி, ஆறாம் மாதம், எழுபத்தோராம் ஆண்டு."

அச்சுப் பிசகவில்லை. பாங்கொக் அறையில் பாடமாக்கிய அதே ஆங்கிலம், அதே வேகம். அன்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் போனது, இருபத்தாறு வருடம் தொண்டைக்குள்ளேயே கிடந்து, இன்று கேட்டதும் குதித்து வந்துவிட்டது.

"ஆன்ட்டி?" என்றாள் ஹம்சினி பின்னாலிருந்து.

செந்தாடிக்காரர் புத்தகத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இதில் அப்படி இல்லையே. யார் அது?"

போச்சு, எல்லாம் போச்சு. பதினொரு பிள்ளைகளும் தன்னால் திரும்பிப் போகப் போகிறார்கள். எங்கேயாவது நீலக் கதிரை இருக்கிறதா என்று அவள் கண் தேடியது. ஆனால் ஒரு புதினம் பாருங்கள்: அந்தப் பெயர் வெளியே போனதும் தொண்டை லேசாகிவிட்டது. மூச்சு அடி வயிறு வரைக்கும் போய் வந்தது. பொய் தேடிப் பார்த்தாள், ஒன்றும் மிச்சமில்லை.

"அது வேறொரு பெண்" என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "முன்னொரு காலம் நான் சண்டைக்குத் தப்பி வந்தேன். அந்தப் பெயரைத் தந்து சொல்லச் சொன்னார்கள். அன்றைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. மன்னிக்கவேண்டும்."

அவர் திரையைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், தொலைபேசியை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை கேட்டு வைத்தார். அந்த நேரத்துக்குள் குணேஸ்வரி தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டு முடித்தாள்.

"சரி. உங்களுடைய பெயர்?"

"குணேஸ்வரி விமலநாதன்." மண்டபம் கேட்கிற அளவு சத்தமாக வந்துவிட்டது.

"எதற்காக வந்திருக்கிறீர்கள், குணேஸ்வரி?"

வாழ்க்கையில் முதல் தரம் அந்தக் கேள்விக்கு அவள் ஒன்றையும் பாடமாக்கி வைத்திருக்கவில்லை. பின்னால் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள்.

"விளையாட" என்றாள்.

செந்தாடிக்குள் சிரிப்பு அசைந்தது. "நீங்களுமா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்தது. "நானுந்தான்."

அவர் முத்திரையை எடுத்துக் குத்தினார். குணேஸ்வரி அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியலைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.