போடுற ஊசியா, எடுக்கிற ஊசியா: எண்ணூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாலு நடை

ஊட்டி, கொடைக்கானல் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஆஸ்பத்திரியெல்லாம் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். மாமனாருக்கு வயிற்றில் கட்டியாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு, துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். வெளியூரிலிருந்து கூட்டிவரும்போது என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை. ஆனால் எழுபதுகளின் கடைசியில் இதே காரியத்துக்காக என் அண்ணன் லூர்துவை எண்ணூரிலிருந்து இழுத்துக்கொண்டு அலைந்தவள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சாயந்திரமானால் காய்ச்சல். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பெரிய டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இது புற்றுநோயாகவும் இருக்கலாம், குடலில் வரும் டிபியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். உள்ளே ரத்தம் கசியலாம், குடலில் குத்திவிடலாம், எடுத்தது போதாமல் மறுபடி எடுக்க வேண்டியும் வரலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். ஒளிவுமறைவில்லாத மனுஷர்.

ஒளித்தது எங்கள் அண்ணி மேரிதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவராண்ட அந்தப் பேரை மட்டும் சொல்லாத ஸ்டெல்லா" என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆகவே அண்ணனுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: கட்டிக்கு ஊசி, அன்றைக்குச் சாப்பிடாமல் வரவேண்டும்.

எண்ணூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரம், லாரிகள் மனது வைத்தால். முதல் நடையில் அவை மனது வைக்கவில்லை. திருவொற்றியூரில் ஒரு லாரி இரும்புக் கம்பிகளை ரோடு முழுக்கக் கொட்டிவிட்டு நின்றது. பீடி பிடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிய அண்ணன் வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் அண்ணன். நர்ஸ் விடாமல் கேட்கவும், நாலு இட்லியும் வடகறியும் வெளியே வந்தன. நான் முறைத்தேன்.

"நாஸ்டாதானமே துன்னேன். சாப்பாடு எங்க சாப்ட்டேன்?"

சாப்பாடு என்றால் அவருக்குச் சோறு. சோறு தொடவில்லையாம், அதனால் சாப்பிடவில்லையாம். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய் வாதாடுவது? அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

இரண்டாவது நடையில் காரியம் முடிந்தது. வெள்ளையாக ஒரு கரைசலைக் குடிக்க வைத்தார்கள், திரையில் குடல் எங்கே, கட்டி எங்கே என்று பிரித்துத் தெரிவதற்காம். மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு நீளமாக இன்னொன்று. சாயந்திரம்வரை மல்லாந்து படுக்க வைத்து, நாடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மூட்டை தூக்கக்கூடாது, வலி அதிகமானாலோ தலை சுற்றினாலோ உடனே வரவேண்டும், அடுத்த வாரம் ரிசல்ட் என்றார் டாக்டர்.

வயிறு குலுங்கக்கூடாதே என்று டாக்ஸி பிடித்தேன். தண்டையார்பேட்டை தாண்டியதும் டிரைவர் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. கேட்டதற்கு, ரோடு அப்படிக் கீது, நான் இன்னா பண்றது என்றார். அண்ணனோ அவரிடம் பெருமையாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரேவில் பார்த்துக் கரெக்டாகக் கட்டி மேலேயே ஊசி போட்டுவிட்டார்களாம். அப்படியானால் கரைஞ்சிடும் நைனா என்று டிரைவரும் ஆசீர்வாதம் செய்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தேன்.

மூன்றாவது நடையில் ரிசல்ட் வாங்க நான் மட்டும்தான் போனேன். அண்ணன் வரவில்லை. ஊசி போட்டாச்சு, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி என்று காலையிலேயே ஹார்பருக்குக் கிளம்பிவிட்டாராம், மூட்டை தூக்க. டாக்டர் சொன்னது இன்னும் மோசம். எடுத்தது போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குணமாகிவிட்டது என்று நம்புகிற மனுஷனை எதைச் சொல்லித் திரும்பக் கூட்டிவருவது?

நேரே ஹார்பர் கேட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். தோளில் துண்டும் கையில் மூட்டைக் கொக்கியுமாக வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, இன்னொரு தடவை ஊசிக்கு வரவேண்டும் என்றேன்.

"கட்டி கரைஞ்சிகினு கீதுமே. வலிகூடக் கொறஞ்சிட்ச்சி. சொம்மா பேஜாரு பண்ணாத."

பக்கவாட்டில் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மாதா மன்னிக்கட்டும், சத்தியத்தை அங்கேயே உடைத்தேன்.

"அண்ணே, அது போடுற ஊசி இல்ல, எடுக்கிற ஊசி. உள்ள ஒரு சொட்டு மருந்து போகல. கட்டிலேர்ந்து துணுக்கு எடுத்தாங்க, அவ்ளோதான்."

"எடுத்து இன்னா பாத்தாங்க?"

"கேன்சரா, டிபியான்னு."

டீ கிளாஸைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா, நான் நாஸ்டா துன்னிருப்பேனாமே?"

அத்தனை நாளும் அவர்மேல் இருந்த எரிச்சல் அப்படியே அண்ணி பக்கம் திரும்பியது. பயத்தில் செய்தது என்று புரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

நாலாவது நடையில் அண்ணன் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. முடிந்தபிறகு, திரும்பிப் படுக்கலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகும் மரக்கட்டை மாதிரி மல்லாந்தே கிடந்தார். இந்தத் தடவை பதில் தெளிவாக வந்தது. டிபி. மருந்து உண்டு, தீரும். டிபிக்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் வடசென்னையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அண்ணி வராந்தாவிலேயே முழங்காலிட்டு அழுதார். நானும்தான்.

இப்போது வாசகிக்கு. இன்றைக்குத் திரைகள் தெளிவாகிவிட்டன, ஆனால் விஷயம் அதேதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். வெறும் வயிறு என்றால் டீ, பன், இட்லி எதுவும் கிடையாது என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சொல்லுங்கள். திரும்பும்போது உடனே பஸ்ஸில் ஏற்றாதீர்கள், முடிந்தால் அன்றிரவு பக்கத்திலேயே தங்குங்கள். வயிறு உப்பினாலோ, வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்க வேண்டாம். எடுத்தது போதவில்லை என்றால் மனம் தளர்ந்துவிடாதீர்கள், திரும்பப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊசி எதைத் தேடிப் போகிறது என்று அந்த மனுஷரிடமே சொல்லிவிடுங்கள். வயிறு அவருடையது.

அண்ணனுக்கு மாத்திரை ஒன்றரை வருஷம் ஓடியது. ஆரம்பத்தில் தினமும் ஊசி வேறு, திருவொற்றியூரிலேயே போட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் சட்டைக் கையைச் சுருட்டுவதற்கு முன்னால் நர்ஸம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பாராம்.

"இது போடுறதா, எடுக்கறதா?"

போடுறது என்று அந்த அம்மா வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவாராம்.