ஏழு தரம் கழுவிய கம்பிவலை

கலகெதரப் பக்கத்து விடுதியொன்றில் வேலையை விட்டுவிட்டு, கண்டி வீதியில் மழையோடு நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை. அங்கே இறைச்சி சுடும் வலையைத் தேய்த்த என் கம்பி பிரஷ். இரவு எங்கே படுப்பதென்று தெரியாது.

கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்ட, கோழி சுடும் கடையொன்றில் ஒதுங்கினேன். வேலையாள் வராததால் முஸ்லிம் கடைக்காரர் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். அடுப்பு வலையில் பழைய கொழுப்பு தார்போல் உறைந்திருந்தது.

"அந்திக்கு மஹ்ரிப் தொழுகைக்குப் பொறகு ஆக்கள் வருவாங்க. அதுக்குள்ள இதக் கழுவித் தந்தா சாப்பாடும் ஈக்கி, படுக்க எடமும் ஈக்கி."

பிரஷை எடுத்து உரசினேன். கொழுப்பு அசையவில்லை. கோழிக்கு மசாலா தடவியபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பிரஷ். எங்கீந்து?"

"முன்ன வேல செஞ்ச ஹோட்டல்ல வச்சிருந்தது, நானா."

"அங்க என்ன சுட்ட?"

கை நின்றது. கோழி என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே மழை வலுத்திருந்தது.

"எல்லாந்தாங்க. பன்றியும்."

மசாலாக் கையோடு எழுந்தார். "யா அல்லாஹ்! என்ட வலையில வச்சு ஒரசிட்டியே! என்ட வயித்துல அடிக்கவா வந்த?" பிரஷ் பறந்துபோய் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது.

நான் பையைத் தூக்கினேன்.

"எங்க போற? பன்றி பட்டத ஏழு தரம் கழுவோணும். அதுல ஒரு தரம் மண்ணு கரைச்சு."

"தண்ணிக்கு இந்தக் கொழுப்பு போகாது, நானா. மொதல்ல எரிச்சிருவோம்."

கரி வீணாகிறதென்று திட்டிக்கொண்டே மூட்டினார். வெறும் வலையை நெருப்பில் வைத்தோம். புகை வீதியை மறைத்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஏதோ கத்திவிட்டுப் போனான். கறுப்பு வெளுத்து, பொரிந்து, உதிர ஆரம்பித்தது. சூடு ஆறியதும் தேங்காய்த் தும்பைச் செம்மண் குழம்பில் தோய்த்துத் தேய்த்தேன். பிரஷுக்கு அசையாதது கையோடு வந்தது. பிறகு வாளி வாளியாகத் தண்ணீர். ஒவ்வொன்றையும் அவர் சத்தமாக எண்ணினார். ஏழு என்று அவர் சொன்னபோது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

தொழுதுவிட்டு வந்து, ஒவ்வொரு கம்பியையும் விரலால் தடவினார். விரல் கறுக்கவில்லை.

"இனி ஒவ்வொரு நாளும் எரிச்சு மண்ணாலயே தேய். பன்றிய மட்டும் விட்டுடு."

சாக்கு விரித்துக் கடைக்குள்ளேயே படுத்தேன். காலையிலும் பழைய வேலையாள் வரவில்லை. அவர் கோழிக்கூட்டைத் திறந்து, கத்தியைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சுடுதண்ணீர் வாளியை என் பக்கம் தள்ளினார்.

"அறுக்கிறது நான். உரிக்கிறது நீ."

சரியென்று சட்டைக் கையை மடித்துவிட்டேன்.