கண்ணாடிக் கூரைக்குள் சுற்றிய ஹோமப் புகை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டின் திறந்த முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மேலே முழுக்கக் கண்ணாடி போட்டுவிடலாம்! கட்டடக்கலை படித்து முடித்து, நான் தனியாக எடுத்த முதல் புதுப்பிப்பு வேலை அது. பழைய தேக்குத் தூண்கள், மேலே கண்ணாடி, உள்ளே ஏசி.

வீட்டுக்கார அக்கா அப்போதே கேட்டார். “தம்பி, ஹோமம் வளத்தா புகை எங்கிட்டுப் போவும்? எனக்கு வீசிங் வேற இருக்கு.”

“ஒரு நாள் புகைக்காக டிசைனை மாத்த முடியுமாக்கா?” என்று சிரித்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று முற்றத்தில் ஹோமம் வளர்த்தார்கள். மேலே போன புகை கண்ணாடியில் முட்டி, கீழே இறங்கியது. புரோகிதரே இருமினார். அக்கா மூச்சுத் திணறி, தூணைப் பிடித்தபடி சரிந்தார். வாசலுக்குத் தூக்கி வந்து இன்ஹேலர் கொடுத்த பிறகுதான் மூச்சு சீரானது.

“ஏலே, வீடு கட்டச் சொன்னா இட்லிச் சட்டி கட்டி வச்சிருக்கியேலே!” என்று அவர் கணவர் கத்தினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். “அன்னைக்கே கேட்டேன்லா தம்பி” என்று அக்கா மெதுவாகச் சொன்னதுதான் இன்னும் சுடுகிறது.

இப்போதெல்லாம் எந்த வரைபடத்திலும் புகை போகும் வழியைத்தான் முதலில் வரைகிறேன். அடுத்த வாரம் அந்தக் கண்ணாடியை ஓரடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்று போக இடைவெளி விடப்போகிறேன். பிறகு முற்றத்தில் சாம்பிராணி போட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டு, முதலில் நான் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.