ஒரு பார்சல், இரண்டு பேர்

தஞ்சாவூரில் பார்சல் சாப்பாடு என்றால் இரண்டு பேர் சாப்பிடலாம். இதை யாரும் பலகையில் எழுதி வைத்ததில்லை. இலை போட்டு உட்கார்ந்தால் கேட்கக் கேட்கச் சோறு போடுவார்கள். எடுத்துப் போகிறவர் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் என்று கேட்க முடியாதல்லவா, அதனால் கட்டும்போதே தாராளமாகக் கட்டிவிடுவார்கள். நானும் என் அறைத்தோழியும் ஏழு வருஷம் அந்தத் தாராளத்தில்தான் காலம் தள்ளினோம். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருவருக்கும் வேலை. மத்தியானம் ஒருத்தி போய்ப் பக்கத்து மெஸ்ஸில் ஒரு பார்சல் வாங்கி வருவாள். பிரித்தால் வாழையிலை வாசத்தோடு ஆவி முகத்தில் அடிக்கும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாம் நூல் சுற்றிய பாக்கெட்டுகளில். கடைசிப் பிடி சோற்றை நீ தின்னு, நீ தின்னு என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவோம்.

கோயிலைப் பார்த்து எனக்கு அந்த ஊர் பிடித்துப்போகவில்லை. ஜெராக்ஸ் கடைச் சம்பளக்காரிகள் இரண்டு பேரை அந்த ஊர் ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. அதற்காகத்தான் பிடிக்கும்.

இந்தத் தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் இறங்கினேன். ரயில் சாயங்காலம்தான். மன்னார்குடியிலிருந்து வருகிற வழியெல்லாம் பாதி ரோட்டை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்காரர் ஒதுங்கி ஒதுங்கித்தான் ஓட்டினார்.

மெஸ் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. சுவர் முழுக்க ஏர் பூட்டிய மாடு வரைந்திருக்கிறார்கள். வாசலில் ‘தஞ்சாவூர் தாலி’ என்று பெரிய பலகை. தாலியைக் கழுத்தில் பார்த்திருக்கிறேன், தட்டில் பார்த்ததில்லை. வந்தது. நடுவில் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சோறு, அதன் தலையில் ஒரு கொத்தமல்லி இலை. நான்கு வாயில் தீர்ந்துவிட்டது. இன்னும் சோறு கேட்டேன்.

“எக்ஸ்ட்ரா ரைஸ் தனி பில்லுங்க மேடம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். நெல்லைக் கொட்டி வைக்க இடமில்லாமல் ரோட்டில் கொட்டுகிறார்கள். அந்த ஊரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு சோற்றைக் கிண்ணத்தால் அளக்கிறார்கள். அளப்பதும் போதாதென்று சோற்றைச் சோறு என்று சொல்லக்கூட இவர்களுக்கு வாய் கூசுகிறது. சுவரில் மாடு வரையத் தெரிகிறது, ஒரு கரண்டி கூடப் போடத் தெரியவில்லை. கை கழுவிவிட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது என்று கல்லாவுக்கு வந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு வயர்கூடையும். பார்சல் மேடையில் தலைக்கு வலைத்தொப்பி போட்ட ஒரு அம்மாள் பிளாஸ்டிக் டப்பாக்களில் சோறு நிரப்பிக்கொண்டிருந்தார்.

“ஒரு பார்சலுங்க. ரெண்டு பேருக்கு வருமாங்க?” என்று அந்தப் பெண் சத்தமாகவே கேட்டார்.

“ஒரு ஆளுக்கு ஒரு டப்பாதாம்மா. எத்தனை தடவை சொல்றது?” என்றார் கல்லாக்காரர்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். எனக்கு மேடம், அவருக்கு மட்டும் ‘எத்தனை தடவை சொல்றது’வா? “இந்த ஊர்ல ஒரு பார்சல்னா ரெண்டு பேருங்க! ஏழு வருஷம் இங்கதான் வாங்கித் தின்னுருக்கேன். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க வயித்துல அடிச்சுத்தானா இந்தச் செவுத்துல மாடு வரையிறீங்க?” என்று கத்தினேன். அந்தப் பெண் என் புடவையை லேசாக இழுத்து, “விடுங்க, விடுங்க” என்றார். பாவம், பயப்படுகிறார் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினேன்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வந்துவிட்டார். சின்ன வயசுதான். “என்ன மேடம் குறை? இதோ நீங்களே பாருங்க, சரியாத்தான் போடுறோம்” என்று மேடையில் அந்தப் பெண்ணுக்கென்று தயாராக இருந்த டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். சோறு விளிம்பு வரை இறுக்கி அமுக்கியிருந்தது. பக்கத்துப் பையில் குழம்பு இரண்டு பாக்கெட், ரசம் இரண்டு பாக்கெட்.

முதலாளி டப்பாவையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியை எடுத்துப் பாதிச் சோற்றை அண்டாவில் திரும்பக் கொட்டினார். தொப்பி போட்ட அம்மாளிடம், “நாளையிலேருந்து நீ பின்னாடி பாத்திரம் கழுவு” என்றார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

வாசலுக்கு வந்ததும் அந்தப் பெண் சொன்னார். குடவாசல் பக்கம் ஊர். கணவருக்குக் காலில் ஆபரேஷன், எட்டு நாளாக வார்டில் கிடக்கிறார். “தெனமும் அப்படித்தாங்க கேப்பேன். கல்லாவுல கேக்குற கேள்வியில்ல அது. நான் வந்துருக்கேன்னு அந்தம்மாவுக்குக் கேக்கணும், அதுக்குத்தான். அவங்க அமுக்கிப் போட்டுக் குடுத்துருவாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. முதலாளி மேல் வந்தது, கல்லாக்காரர் மேல் வந்தது, எல்லோரையும் விட என் வாய் மேல் வந்தது. ஊரின் தாராளம் செத்துப்போச்சு என்று ஊரைக் கூட்டிய நான், அது ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்க்கவில்லை. உள்ளே ஓடி இன்னொரு பார்சல் வாங்கி வந்து அவருடைய வயர்கூடையில் வைத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

“இன்னைக்கு ஆச்சுங்க. இன்னும் பத்து நாள் இருக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. நாளைக்கு நீங்க இருப்பீங்களா?” என்று கேட்டார்.

சாயங்காலம் ரயில் என்றேன்.