சோற்று டப்பாவில் கடல் மணல்

ஒரு சோதனை முடிவை மறைத்தேன். மறதியால் அல்ல... தெரிந்தே மறைத்தேன்!

மதுரை திருநகரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காளவாசலுக்கு மேற்கே கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. பம்புசெட்டிலிருந்து சிந்தும் டீசல் கண்மாயில் மேலேயே மிதக்கும்; காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிடும். எண்ணெயைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர் அங்கே வந்ததுதான்.

இராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரையில், கப்பலிலிருந்து கறுப்பு எண்ணெய் கசிந்தது. பத்து நாள் கழித்து நான் போனபோது கடல் பளிச்சென்று இருந்தது. மேல்தண்ணீரை மட்டும் மொண்டு பாட்டில்களை நிரப்பினேன். கண்மாயில் மொள்வது போலவே!

அங்கே கடலில் முங்கிப் பாசி எடுக்கும் செல்வராணி அக்கா, தன் சோற்று டப்பாவைக் கழுவி, அடிமணலை அள்ளி வந்து நீட்டினார்.

"தம்பி, மேல ஒண்ணுமில்ல. கீழதான் கெடக்கு. முங்குனா கையில அப்புது, அரிக்குது. இதையும் பாருங்க."

"எண்ணெ மெதக்கும்க்கா, முங்காது. இம்புட்டு நாள்ல போயிருக்கும்" என்று சிரித்தேன். இருந்தாலும் டப்பாவை வாங்கி வந்தேன்.

எண்ணெய் இல்லை என்று என் அறிக்கை போனது. கசிவுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பாசி எடுக்கும் பெண்கள் அதை நம்பி மறுபடியும் கடலில் இறங்கினார்கள்.

அடுத்த வாரம்தான் அந்த மணலைச் சோதித்தேன். ஒவ்வொரு மணல் மணியிலும் எண்ணெய்! கூடவே வலைநூல் துணுக்குகள், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பொடி...

இன்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். எண்ணெயின் லேசான பங்கு ஆவியாகிவிடும். மிச்சம் அலையில் அடிபட்டுக் கூழாகி, மணலைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கும். பிளாஸ்டிக் துணுக்குகள் அந்த எண்ணெயைத் தம்மேல் ஒட்டிக்கொள்ளும். பாசி படிந்து கனத்தால் அவையும் மூழ்கும். காற்று மாறினால் கறுப்பு உருண்டைகளாகக் கரைக்குத் திரும்பும். இதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

அன்றே ஒரு போன் செய்து, அறிக்கையைத் திருத்தியிருக்கலாமே? ஏன் செய்யவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை... போயிருக்காது. முங்கிப் பார்த்தவர் சொன்னது சரி, படித்தவன் சொன்னது தவறு என்று எழுத என் கை கூசியது. அவ்வளவுதான். எவ்வளவு அற்பம்!

இப்போது பயிற்சி வகுப்புகளில் அந்த மணலில் ஒரு பிடியைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் காட்டுகிறேன். பிரமாதமாக விளக்குகிறேன் என்கிறார்கள். எந்தக் கரை மணல் என்று எவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

போன மாதம் தோல் டாக்டரைப் பார்க்க மதுரை வந்த செல்வராணி அக்கா, கூடத்துக்கும் வந்தார். இரண்டு உள்ளங்கைகளும் வெடித்திருந்தன.

"உப்புத்தண்ணி ஒத்துக்கலையாம் தம்பி. எண்ணெ கிண்ணெ பட்டுச்சான்னு டாக்டர் கேட்டாரு. இல்ல சார், மதுரையில சோதிச்சு எழுதியே குடுத்துட்டாகன்னு சொல்லிட்டேன்... அந்த டப்பா இருக்கா?"

டப்பா என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது, மிச்ச மணலோடு.

"தொலைஞ்சு போச்சுக்கா."

"பரவால்ல. வாரேன்" என்று படியிறங்கினார்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். அதற்காக இதை எழுதவில்லை. வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன். பஸ் ஏற்றியும் விட்டேன்... எந்த டாக்டர் என்று மட்டும் கேட்கவில்லை.